மன்றோ திட்டமிட்ட தாசில்தாரி பள்ளிகள் பத்தே வருடத்தில் ஏன் மூடப்பட்டன?

கேட்டவர்: மாடவீதி மாணவன்

சென்னை மாகாணக் கல்வி வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். கவர்னர் தாமஸ் மன்றோ 1826 மார்ச் 10ஆம் தேதிக் குறிப்பில், தாசில்தார் எல்லைக்கு ஒன்றாக 300 பள்ளிகள், ஜில்லாவுக்கு இரண்டாக 40 கலெக்டரேட் பள்ளிகள் வேண்டும் என்கிறார். 1830 வாக்கில் தாசில்தாரி பள்ளிகள் சுமார் 70தான். 1836இல் மொத்தமும் மூடல். ஆங்கிலக் கல்வி வந்ததுதான் காரணம் என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா? இன்னொன்று, மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று அதே குறிப்பில் வரும் கணக்கை நம்பலாமா?

பதில்: பழைய தலைமையாசிரியர்

தம்பி, 31 வருடம் ஒன்றியப் பள்ளிகளில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதி வருடம் படிவம் நிரப்பியே போயிற்று. அந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 1822 ஜூனில் மன்றோ உத்தரவு போட்டார். ஒவ்வொரு கலெக்டரும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எழுதி அனுப்ப வேண்டும். எல்லாம் வந்து சேர 1825 ஆகிவிட்டது. கனரா கலெக்டர் படிவத்தை நிரப்பவே இல்லை. வீண் வேலை என்கிற தொனியில் பதில் எழுதிவிட்டார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. செப்டம்பர் 30 நிலவரம் கேட்டு வரும் படிவத்தை நாங்கள் எப்படி நிரப்பினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை கழிப்பறை எண்ணிக்கையை அவசரத்தில் மாணவர் எண்ணிக்கைக் கட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் மன்றோ கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர் இல்லை. சென்னை நகரில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் சுமார் 27 ஆயிரம் என்று வந்தது, பள்ளிக்குப் போகிறவர்களைப் போல் ஐந்து மடங்கு. இதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்தார். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவுக்கு நம்பலாம். கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

இப்போது பணம். திண்ணை வாத்தியாருக்குப் பிள்ளைக்கு மாதம் 4, 6, 8 அணா வருகிறது. மொத்தம் 6, 7 ரூபாய் தேறாது, இதற்கு நல்ல ஆள் எப்படி வருவான் என்று கேட்டார் மன்றோ. சரியான கேள்வி. பதிலாக அவர் வைத்தது, கலெக்டரேட் வாத்தியாருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரி வாத்தியாருக்கு 9 ரூபாய். அதே அளவு பிள்ளைகளிடமும் கிடைக்கும் என்று ஒரு எதிர்பார்ப்பு. பள்ளிப் புத்தகங்கள் போடும் சங்கத்துக்கு மாதம் 700. கூட்டிப் பாருங்கள், மாதம் 4,000, வருடம் 48,000 ரூபாய். மாகாணத்துக்கே அவ்வளவுதான்!

என் கணிப்பில் பள்ளியைக் கொன்றது 9 ரூபாய் மட்டும் இல்லை. வாத்தியாரைப் பொறுக்குவது ஜில்லா, தாலுகா அதிகாரிகள் கையில் இருந்தது. தாசில்தாருக்கு வரி வசூல்தான் உயிர். பள்ளி அவருக்கு இன்னொரு தலைவலி, அல்லது தெரிந்த பையனுக்கு ஒரு வேலை. போய்ப் பார்க்க ஆள் கிடையாது. இன்ஸ்பெக்டர் வைத்த கல்வித் துறை 1855இல்தான் வந்தது. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் சரியில்லை என்றால் அடுத்த மாதமே பையனை நிறுத்திவிடுவார்கள், அணாவும் நின்றுவிடும். சர்க்கார் வாத்தியாருக்கு அந்தப் பயம் பாதி போய்விட்டது.

மன்றோவும் 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் போய்ச் சேர்ந்தார். பின்னால் நின்று தள்ள ஆள் இல்லை. 1830இல் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்கள் உயர்தர ஆங்கிலப் படிப்பைப் பார் என்று எழுதினார்கள். ஆக உங்கள் வகுப்பில் சொன்னது கடைசிக் குத்து. நோயாளி அதற்கு முன்பே படுத்தாயிற்று.

பதில்: தறிக்காரன்

ஐயா, வாத்தியார்களை மட்டும் சொன்னால் போதுமா? பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதியதையும் சேருங்கள். அவர் ஜில்லாவில் 533 பள்ளி, 6,641 பிள்ளைகள். ஒன்றுக்குக்கூட சர்க்கார் உதவி இல்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்கிறார். சீமைத் துணி வந்து நெசவாளி பிழைப்பு போயிற்று, அணா கொடுக்க வழியில்லாமல் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள் என்பதும் அதே கடிதம்தான். எங்கள் வீட்டில் நாலு தலைமுறை தறி. இது எனக்குப் புதுச் செய்தி இல்லை.

பதில்: பழைய தலைமையாசிரியர்

ஒத்துக்கொள்கிறேன், அதை விட்டது என் தப்பு. அந்த 533இல் கன்னடப் பள்ளி 235, தெலுங்கு 226, தமிழ் வெறும் 4 என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்: மாடவீதி மாணவன்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. அந்தக் கடிதத்தில் வகுப்பு எப்படி நடந்தது என்று இருக்கிறதா?

பதில்: பழைய தலைமையாசிரியர்

இருக்கிறது, அதுதான் ருசியான பகுதி. காலை 6 மணிக்குப் பள்ளி. முதலில் வந்த பையன் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாமவன் கையில் ஒரு பூஜ்யம், புகழ்ச்சியும் இல்லை திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். சோம்பேறியை இரு கையையும் கட்டிக் கூரையில் தொங்கவிடுவது நம் கோதண்டம்தான். உட்கார்ந்து எழச் சொல்வதும் உண்டு, நம் தோப்புக்கரணம் மாதிரி. எழுத்து மணலில் விரலால். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், நம் ஊரில் அவன் சட்டாம்பிள்ளை. இந்தச் சிக்கனத்தைக் காம்ப்பெல் மெச்சுகிறார். எழும்பூர் அநாதைப் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல் இதே முறையை 1797இல் லண்டனில் அச்சிட்டு, அங்கே அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பேர் வாங்கிவிட்டது.

முப்பதாவதாக வந்த பையன் என்ன ஆவான் என்று என் பேத்தி கேட்டாள். 28 அடி, கணக்கு சரிதானே?