அரசியல் கோபத்தைச் சைக்கிள் மிதித்துத் தீர்க்க முடியுமா?

மேட்டுப்பாதை:
ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரவில் செய்தி பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நாட்டை ஆள்கிறவர்கள் பேசியதை நினைத்து நினைத்து, அவர்களுக்கு மனத்துக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு விடியும் வரை புரண்டுகொண்டிருப்பேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் இருட்டோடு எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓர் ஏற்றத்துக்குப் போகிறேன். 6 கிலோமீட்டர் தூரம், சராசரியாக 7 சதவீதச் சரிவு. அடிவாரத்தில் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும். நடுவழியில் வாக்கியங்கள் உடையத் தொடங்கும். கடைசிக் கியருக்கு இறங்கிய பிறகு மூச்சு மட்டும்தான். உச்சியில் ஹேண்டில்பாரின் மேல் நெற்றியைச் சாய்த்து நிற்கிறேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை முன்சக்கர டயரில் சொட்டுகிறது, ரப்பரில் அது காய்வதைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் கோபம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. உடம்பு ஒத்துழைக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கனல்:
கடுமையாக மறுக்கிறேன், நண்பரே. கோபத்துக்கு வடிகால் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்டால் பயிர் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் கோபம் நியாயமானது. அதற்கு ஒரு வேலை இருக்கிறது: மனு எழுத வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துச் செல்ல வேண்டும். அந்தச் சக்தியை மலைச்சாலையில் கரைத்துவிட்டு, குளித்துவிட்டு, அமைதியாக வேலைக்குப் போகும் குடிமக்கள் பெருகினால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

நாடித்துடிப்பு:
நான் வேறு திசையிலிருந்து மறுக்கிறேன். கோபத்தை ‘வெளியேற்றினால்’ குறையும் என்ற நம்பிக்கை பழையது. அதைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களைக் கோபமூட்டிவிட்டு, ஒரு பிரிவினரைக் கோபமூட்டியவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. ஆக்ரோஷம் குறைவாக இருந்தது சும்மா இருந்தவர்களிடம். 2024இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து 154 ஆய்வுகளை, 10,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை, ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்வு போன்றவை கோபத்தைத் தணித்தன. உடலைக் கொதிப்பேற்றும் செயல்களால் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. மெல்லோட்டம் கோபத்தைக் கூட்டக்கூடச் செய்தது. இதயத்துக்குச் சைக்கிள் நல்லது, மனச்சோர்வுக்கும் உடற்பயிற்சி நல்லது. கோபத்துக்கு மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மேட்டுப்பாதை:
நாடித்துடிப்பு, அந்த 2002 ஆய்வை இன்னொரு முறை படியுங்கள், அது எனக்குச் சாதகமாகவும் பேசுகிறது. கெடுத்தது நினைப்பு. நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் அதுதான். சமதளத்தில் இரண்டு மணி நேரம் மெதுவாக ஓட்டிய நாட்களில் வீடு திரும்பும்போது கோபம் கூடித்தான் இருந்தது. கால்கள் தம்பாட்டுக்குச் சுற்ற, வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. ஏற்றத்தில் அது நடக்காது. ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல மூச்சு விடாத அளவுக்கு உழைக்கும்போது, மனத்துக்குள்ளும் வாக்கியம் நிற்பதில்லை. எதிர்காற்றும் அப்படித்தான். காற்று வீசாதபோதே அதன் தடையை வெல்ல வேண்டிய திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கு விகிதத்தில் ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் எட்டு மடங்கு வேண்டும். ஆத்திரத்தில் மிதிப்பவரைப் பத்து நிமிடத்தில் காற்று அடக்கிவிடும்.

இன்னொன்று. அரசியல் எனக்குத் தருவதைக் கோபம் என்று நானே தவறாகத்தான் எழுதிவிட்டேன். அது ஆற்றாமை. பார்த்துக்கொண்டே இருக்கிறோம், ஒன்றும் நம் கையில் இல்லை என்கிற அந்த வயிற்றுப் பிசைவு. ஏற்றம் என் கையில் இருக்கிறது. தொடங்குகிறேன், முடிக்கிறேன். நாளெல்லாம் முடியாதவற்றையே பார்க்கிற ஒருவனுக்கு இது சாதாரண விஷயமில்லை.

தனிவழி:
இதுவரை ஒருவரும் இறக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் இப்படி ஓட்டியவள்தான். தொலைக்காட்சி விவாதம் ஒன்றைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஏறினேன். மேலே நிற்கவில்லை, திரும்பிவிட்டேன். மூச்சு சீரானதும் பேச்சு திரும்பி வந்துவிட்டது. அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வளைவுக்குள் போனேன். வளைவுக்கு முன்பே பிடித்திருக்க வேண்டிய பிரேக்கை உள்ளே போன பிறகு பிடித்தேன். பின்சக்கரம் வழுக்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போயிற்று. செவிலியர் சிறு கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எஃகுத் தட்டில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுவது 20இல் விழுவதைப் போல இரண்டு மடங்கு அல்ல, இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. உரசிக்கொண்டு போகும் லாரியைத் துரத்திப் போய்ச் சண்டை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் இதே கோபம்தான். ஏறுங்கள், தடுக்கவில்லை. உச்சியில் பத்து நிமிடம் கட்டாயம் நில்லுங்கள். மனத்தில் பேச்சு ஓடுகிறதா என்று கவனித்துவிட்டு இறங்குங்கள்.

கனல்:
தனிவழி சொன்னதைக் கும்பிட்டு ஏற்கிறேன். ஆனால் என் கேள்விக்கு விடை வரவில்லை. இத்தாலியில் ஜீனோ பார்தாலி என்று ஒரு சைக்கிள் வீரர் இருந்தார். 1938இல் டூர் டி பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தை வென்றவர். இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாள ஆவணங்களைச் சைக்கிளின் குழாய்க்குள் சுருட்டி வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார் என்று சொல்லப்படுகிறது. பயிற்சி செய்கிறார் என்று காவலர்கள் நினைத்தார்கள். அவரும் கடுமையாகத்தான் மிதித்தார். உங்கள் குழாய்க்குள் என்ன இருக்கிறது?

மேட்டுப்பாதை:
சுடுகிறது, சுட வேண்டிய கேள்விதான். அதே பார்தாலியின் 1948ஐயும் சொல்லுங்கள். ஜூலை 14 அன்று இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தி சுடப்பட்டார். நாடு கலவரத்தின் விளிம்பில் நின்றது. மறுநாள் ஆல்ப்ஸ் மலையில் நடந்த டூரின் ஒரு கட்டத்தில் பார்தாலி வென்றார், பிறகு அந்த ஆண்டின் டூரையும் வென்றார். மக்களின் கொதிப்பை அது தணித்தது என்று இத்தாலியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கனல்:
மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். பிழைத்துக்கொண்ட தொல்யாத்தியே அமைதி காக்கச் சொன்னார், அதை மறக்க வேண்டாம். அந்தக் கதை உண்மையாகவே இருந்தாலும் என் அச்சத்தைத்தான் அது உறுதிப்படுத்துகிறது. ஒரு தேசத்தின் கேள்வியைச் சைக்கிள் பந்தயம் வாயடைக்கச் செய்தது என்பதில் மகிழ என்ன இருக்கிறது?

மேட்டுப்பாதை:
நேராகவே சொல்கிறேன். போன மாதம் எங்கள் பகுதியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த அதே காலையில் நான் ஏறிக்கொண்டிருந்தேன். போயிருக்க வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் ஏற்றம் தொடங்குவதற்கு முன் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் கேளுங்கள். நள்ளிரவில் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட அனுப்பும்படி இல்லை, எல்லாம் வசவு. முந்தைய கூட்டம் ஒன்றில் எழுந்து கத்தினேன். இரண்டே நிமிடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், நான் கொண்டுபோன கணக்கு பையிலேயே இருந்தது. தேர்தல் பேச்சில் வார்த்தை முற்றி என் அண்ணனோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். ஒரு நாள் உச்சியில், மூச்சு வாங்கிக்கொண்டே அவரை அழைத்தேன். “என்னடா, உடம்புக்கு ஏதாவதா?” என்று பதறினார். இல்லை என்றேன். இருவருமே அரசியல் பேசவில்லை. அந்த அழைப்பை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என்னால் செய்திருக்க முடியாது.

நாடித்துடிப்பு:
இது ஆய்வுக்கு எதிரானது அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் அண்ணனை அழைத்தது ஏறும்போது அல்ல, ஏறி நின்ற பிறகு, நாடி இறங்கிக்கொண்டிருந்தபோது. ஓய்வுதான் வேலை செய்தது என்பேன். நீங்கள் ஏற்றம் என்பீர்கள்.

கனல்:
அடுத்த கருத்துக் கேட்பு எப்போது?

மேட்டுப்பாதை:
வரும் வியாழன், பத்து மணி.

கனல்:
அன்று ஏறாமல் வாருங்கள். அந்தச் சூடு குரலில் இருக்கட்டும்.

மேட்டுப்பாதை:
இல்லை. சூட்டோடு போனால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன். ஐந்து மணிக்கு ஏறுவேன், பத்து மணிக்கு அங்கே இருப்பேன். கணக்கை இந்த முறை ஒரே பக்கத்தில் எழுதி முதுகுப் பையில் வைத்துக்கொள்கிறேன், மேலே நின்று ஒரு தடவை படித்துப் பார்க்க.

தனிவழி:
பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். முதுகு வியர்வையில் மை கரைந்துவிடும்.