ரெஃபரன்ஸ் பட்டியலில் நம் பெயர்கள்: மூன்று அனுபவங்கள்

தமிழ் இலக்கிய ஆய்வாளர்:

ஆங்கில ஆய்விதழ்களுக்கு எழுதும் தமிழ் ஆய்வாளர்கள் பலருக்கும் உ. வே. சாமிநாதையரை ரெஃபரன்ஸ் பட்டியலில் (கட்டுரையின் முடிவில் வரும் மேற்கோள் நூல்களின் பட்டியல்) சேர்க்கும்போது ஒரு சிக்கல் வந்திருக்கும். எனக்கு அது ப்ரூஃப் கட்டத்தில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கப் படி அனுப்பும்போது, வந்தது. ‘சாமிநாதையர், யு. வி.’ என்று நான் கொடுத்திருந்ததைப் பிரதி திருத்துபவர் ‘ஐயர், யு. வி. எஸ்.’ என்று மாற்றியிருந்தார். பெயர் பட்டியலில் வேறு எழுத்துக்குக் கீழே போய்விட்டது. ச. வையாபுரிப்பிள்ளையும் அதே போல ‘பிள்ளை, எஸ். வி.’ ஆகியிருந்தார்.

அந்தத் திருத்துநர் மேல் எனக்குக் கோபமில்லை. குடும்பப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் என்பது இதழின் விதி. கடைசியில் நிற்கும் சொல்தான் குடும்பப் பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் ‘உ.’ என்பது உத்தமதானபுரம் என்ற ஊர், ‘வே.’ என்பது தந்தை வேங்கடசுப்பையர். இதில் குடும்பப் பெயரே கிடையாது. சாதிப் பட்டத்தைப் பிய்த்து முன்னால் வைத்தால் அந்த அறிஞரை யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு தமிழ் ஆய்வுப் பட்டியலில் ‘பிள்ளை’ என்ற தலைப்பின் கீழ் பத்துப் பேர் வரிசையாக நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

எடிட்டருக்கு மூன்று நான்கு வரியில் இதை விளக்கி எழுதினேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலிலும் சாமிநாதையர் என்ற முழுப் பெயரே முன்னால் வருகிறது என்று சுட்டிக்காட்டினேன். மறுவார்த்தை இல்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மேனுஸ்கிரிப்டோடு ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன். எந்தப் பெயரை எங்கே பிரிக்கக் கூடாது, நூல் தலைப்புகளைத் தமிழிலிருந்து ஆங்கில எழுத்தில் எழுத எந்த ஒலிபெயர்ப்பு முறை (நான் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைப் பின்பற்றுகிறேன்) என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒலிபெயர்ப்பு முக்கியம். இல்லையென்றால் ஒரே ஆசிரியர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக நிற்பார்.

இன்னொன்று, பதிப்பு ஆண்டு. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு முதலில் வந்தது 1894-ல். நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் மறுபதிப்பு. மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், அதற்கு முன்பே அந்தப் பதிப்பைப் படித்து எழுதியவர்களெல்லாம் இல்லாத நூலைப் படித்ததாகத் தோன்றும். பதிப்பு வரலாறு பேசும் கட்டுரையில் இது வாதத்தையே கவிழ்த்துவிடும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின்) மேற்கோள் முறையில், கட்டுரைக்குள் மேற்கோள் காட்டும்போது இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடிட்டுச் சேர்த்தே எழுதலாம். மற்ற முறைகளிலும் முதற்பதிப்பு ஆண்டைக் குறிப்பிட வழி உண்டு. இதழின் விதியில் இது தெளிவாக இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு: கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அவரவர் பெயரை முழுதாகவும், முதல் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலையும் போட்டால் போதும், எந்த ஸ்டைலுக்கு மாற்றினாலும் உடையாது. நிறுவனம்தான் ஆசிரியர் என்றால் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிக்கொள்ள அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது. மாற்றாவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகமும் ‘பல்கலைக்கழகம், செ.’ ஆகிவிடும்.

உயிர்வேதியியல் ஆய்வு மாணவி:

எங்கள் துறையில் வான்கூவர் முறைதான். 1978-ல் மருத்துவ இதழ்களின் எடிட்டர்கள் சிலர் வான்கூவரில் கூடி வகுத்தது, அதனால் அந்தப் பெயர். கட்டுரையில் வரும் வரிசைப்படி எண், முற்றுப்புள்ளி இல்லாத இனிஷியல் பெயருக்குப் பின்னால். புரதங்களின் வடிவம் பற்றி ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் எழுதிய கட்டுரை, ‘ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி’ என்றுதான் உலகம் முழுக்கப் பட்டியல்களில் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். மூவரும் அவரவர் பெயரிலேயே இருக்கிறார்கள்.

இப்போது நிலைமை வேறு. என் ஆய்வகத் தோழி ஒருத்தி முதல் கட்டுரையை ஆன்லைனில் சமர்ப்பித்தபோது ‘கடைசிப் பெயர்’ கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகரவில்லை. இனிஷியலும் செல்லாது, முழுதாக எழுது என்றது. அப்பா பெயரைப் போட்டாள். கட்டுரை வெளியானபோது எல்லாத் தரவுத்தளத்திலும் ஆசிரியர் அவள் அப்பா! அவள் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அடுத்த கட்டுரையில் தன் பெயரைக் கடைசிப் பெயராக மாற்றினாள். இப்போது அவள் இரண்டு பேர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டச் சொன்னார்கள். அதில் பாதி வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அந்த உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எனக்கே ஆறவில்லை.

அதனால் ஸ்காலராகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் கட்டுரைக்கு முன்பே உங்கள் பெயர் அச்சில் எப்படி வர வேண்டும் என்று கைடோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். ஆர்சிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்துவிடுங்கள். 2012 முதல் இருக்கிறது, இலவசம், 16 இலக்கம். பெயர் எப்படிச் சிதைந்தாலும் அந்த எண்ணில் உங்கள் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கலாம். ப்ரூஃப் வரும்போது அட்டவணை, படம் எல்லாம் பார்ப்பீர்கள் சரி, ஆசிரியர் பெயரையும் இதழ் உங்களை எப்படி மேற்கோள் காட்டச் சொல்கிறது என்ற வரியையும் முதலில் பாருங்கள். வெளியான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கல்லூரி நூலகர்:

இரண்டு பேர் சொன்னதும் பெயர் பற்றி. நான் பார்ப்பது வேறு ரகம். பட்டியலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், கட்டுரைதான் இருக்காது.

இது புதிதல்ல. ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியர் தன் ஆசிரியர் வழிகாட்டியில் மாதிரிக்காக ஒரு ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தது: வான் டெர் கியர் முதலியோர், 2000, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றியது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனாலும் 400-க்கு நெருக்கமான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருப்பதைப் பேராசிரியர் பீட்டர் க்ரோனென்பெர்க் கண்டுபிடித்தார், பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் அதைப் பற்றி எழுதினார். இதழ் கொடுத்த டெம்ப்ளேட்டில் தட்டச்சு செய்தவர்கள் மாதிரி வரியை அழிக்காமல் விட்டதும் ஒரு காரணம்.

இப்போது ஏஐ கருவிகளிடம் ரெஃபரன்ஸ் கேட்டு வாங்குகிறார்கள். போன பருவத்தில் ஒரு மாணவர் கொண்டுவந்த பட்டியலில் டிஓஐ எண்களை (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான அடையாள எண்) சொடுக்கினேன். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று மண்புழு பற்றிய கட்டுரைக்குப் போனது. அவருடைய தலைப்பு வங்கிக் கடன். ஆசிரியர் பெயர், இதழ் பெயர், பக்க எண் எல்லாம் நம்பும்படி இருந்தன. அவரைத் திட்டவில்லை. உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தேடினோம். பாதிக்கு மேல் தூக்கிப் போட வேண்டியிருந்தது, அதோடு அவற்றை நம்பி எழுதிய பத்திகளும் போயின.

இப்போது என்னிடம் வரும் எந்த மேனுஸ்கிரிப்டிலும் காற்புள்ளி, சாய்வெழுத்து எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன். அதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சில இதழ்கள் முதல் சமர்ப்பிப்பில் ஸ்டைலே கேட்பதில்லை. முதலில் ஒவ்வொரு டிஓஐயையும் திறந்து ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஐந்தையும் ஒப்பிடுகிறோம். ஆண்டில் கவனம் வேண்டும்: ஆன்லைனில் முந்தைய ஆண்டு டிசம்பரில் வந்த கட்டுரை அச்சு இதழில் அடுத்த ஆண்டு வந்திருக்கும். கட்டுரைக்குள் ஒன்றும் பட்டியலில் மற்றொன்றும் இருந்தால் ரிவ்யூவர் கட்டாயம் பிடிப்பார். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை (வெளியான பிறகு இதழ் செல்லாது என்று விலக்கியது) ஏதாவது இருந்தால் ஜோட்டெரோ சிவப்புப் பட்டை காட்டும். அதைப் பார்த்ததும் நீக்குங்கள், அல்லது திரும்பப் பெறப்பட்டது என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.