1988 கேசட் பாட்டு, அதே பாடகர், புதுப் பதிவு: சுருதி, அறை, அனுமதி

தேவகோட்டை ரஸ்தா:
எட்டு மெல்லிசைப் பாட்டு, 1988 கேசட். பாடியவருக்கு இப்போது 69 வயது. அவரையே மறுபடி பாடவைத்து, காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பதிவு செய்கிறோம். கேசட்டில் சுருதி இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் (அரைக் கட்டை என்பது கீபோர்டில் அடுத்த விசை) நடுவில் நிற்கிறது, கீபோர்டோடு ஒட்டவில்லை. எவ்வளவு இறக்கலாம்? கேசட் கம்பெனி மூடியாச்சு, அனுமதி யாரிடம் வாங்குவது?

ஒன்றரைக்கட்டை:
முதலில் கேசட்டை நம்பாதீங்க. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடணும். 3 சதவீதம் வேகம் கூடினாலே 51 சென்ட், அதாவது கால் கட்டை ஏறிடும். பாட்டில் எலக்ட்ரானிக் கீபோர்டு கேட்டால் அதை அளவா வச்சுக்குங்க, அதன் A ஸ்வரம் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ்தான். பதிவில் 'ம்ம்' என்று கேட்கிற கரண்ட் ஹம்மை வச்சு அளக்கிறது அரைகுறை வேலை. அந்தக் காலத்தில் மின்சாரமே 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்.

இறக்குறதைப் பல்லவியை வச்சு முடிவு பண்ணாதீங்க. சரணத்தின் உச்ச வரியைத் தொடர்ந்து மூணு தடவை, ஒத்திகையின் கடைசியில் பாடச் சொல்லுங்க. கழுத்து நரம்பு புடைக்காமல் நிற்கிற இடமே சுருதி. இரண்டரை என்றால் ஒன்றரை, மிஞ்சினால் ஒன்று. அதுக்கும் கீழே போனால் கீழ் ஸ்தாயி ஸ்வரம் வெறும் காற்றாகிடும். தாளத்தைச் சுருதியோடு சேர்த்து இழுக்காதீங்க. நிமிஷத்துக்கு 112 அடி இருந்தால் 108 போதும், மூச்சுக்கு இடம் கிடைக்கும். சுருதி திருத்துற மென்பொருளான ஆட்டோட்யூனை இறுக்கி வைத்தால், ஸ்வரத்தை அசைத்துப் பாடுற கமகம் படிக்கட்டாகிடும்.

மிக்ஸர்பொட்டலம்:
வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) மைக் வைக்கவே வேண்டாம். தரையின் ஆத்தங்குடிக் கல்லும் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் கைதட்டினால் 'டர்ர்' என்று திருப்பி அடிக்கும். முற்றத்துப் புறா வேறு. ஓரத்து அறைகள் நல்லவை, கனத்த சுவர் தெருச்சத்தத்தை நிறுத்தும். ஆனால் 10 அடி அறையில் 56, 113 ஹெர்ட்ஸில் ஒலி வீங்கும், ஆண் குரல் பானைக்குள் பேசுவது போல இருக்கும். நடுவிலும் மூலையிலும் நிற்க வைக்காமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். முதுகுப் பக்கம் இரண்டு பருத்தி மெத்தை, தரையில் ஜமக்காளம். பரணில் எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் இறக்கிவிடுங்கள், அதிரும்.

செக்காலை:
கம்பெனி மூடினாலும் உரிமை மூடாது. 1988இல் வெளியான ஒலிப்பதிவுக்கு 2048 முடிய உரிமை உண்டு, ஆகவே கேசட்டிலிருந்து ஒரு துணுக்கும் வெட்டி ஒட்டாதீர்கள். புதுப் பதிவுக்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், அல்லது அவர்கள் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனியை வாங்கியவர், இவர்களிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய பாட்டுகளை மறுபதிவு செய்ய முடிந்ததற்கு அவரே பாட்டெழுதியவர் என்பது பெரிய காரணம். வெறும் பாடகருக்கு அந்த உரிமை இல்லை. பழைய ஒப்பந்தத்தில் மறுபடி பாடத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உரிமையாளர் சம்மதம் இல்லாமலே, ராயல்டி கட்டி மறுபதிவு செய்ய வழிவிடும் பதிப்புரிமைச் சட்டம் 31சி பிரிவு சுலபம் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஒரு பாட்டுக்கு ஆண்டுக்கு 50,000 பிரதிக்குக் குறையாத ராயல்டியை முன்பணமாகக் கட்டணும். வேடிக்கை என்னவென்றால், முந்தைய பதிவில் பாடியவர் பெயரை உறையில் போடக்கூடாது. உங்களுக்கு அந்தப் பெயர்தானே முதல்!

தேவகோட்டை ரஸ்தா:
நன்றி அண்ணே. இரண்டு பாட்டில் நாதஸ்வரம் வருகிறது. சுருதியை ஒரு கட்டைக்கு இறக்கினால் அது சேருமா?

ஒன்றரைக்கட்டை:
வராது தம்பி. நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. ஊதுற முனையான சீவாளியைத் திருத்தினாலும் கொஞ்சம்தான் அசையும். கம்ப்யூட்டரில் இறக்கினால் அந்தக் கூர்மை போய் மழுங்கிடும். அந்த ரெண்டு பாட்டை மட்டும் இரண்டு கட்டையில் நிறுத்துங்க, உச்ச வரியைக் கோரஸுக்குக் கொடுங்க.