அவர் விலை கேட்ட பெயருக்கு நானும் வரிசையில் நிற்கிறேன்

டொமைன் பெயர் (இணையதள முகவரி) வாங்கி விற்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். பழக்கமான ஒருவர் நேற்று ஒரு டாட் காம் பெயரை அனுப்பி, "என்ன விலை போகும்?" என்று கேட்டார். பதிவு விவரத்தைப் பார்த்தேன். பழைய உரிமையாளர் திரும்பப் பெறக்கூடிய 30 நாள் மீட்புக் காலம் முடிந்து, நீக்கத்துக்கு முந்தைய 5 நாள் காத்திருப்பில் இருக்கிறது. வம்பு என்னவென்றால், அதே பெயருக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நான் பேக்ஆர்டர் (பெயர் விடுபட்டதும் எனக்குப் பிடித்துத் தரச் சொல்லும் முன்பதிவு) கொடுத்துவிட்டேன். அவருக்கு அது தெரியாது. குறைத்துச் சொன்னால் அயோக்கியத்தனம். உள்ளதைச் சொன்னால் அவரும் பேக்ஆர்டர் கொடுத்து, ஏலத்தில் எனக்கே வினை. வாயை மூடிக்கொண்டு பெயரைப் பிடித்தாலோ, அவர் காட்டியதைத் தட்டிப் பறித்ததாகத்தான் நினைப்பார். பேக்ஆர்டர் உறுதி மின்னஞ்சலைத் தேதி தெரிய அவருக்கு அனுப்பிவிடலாமா? அல்லது ஒதுங்குவதுதான் மரியாதையா? இப்படிச் சிக்கியவர்கள் என்ன செய்தீர்கள்? நாளை மறுநாள் பெயர் விடுபடுகிறது, அதற்குள் சொல்லுங்கள்.