களியக்காவிளை நெடுஞ்சாலையில் டயர் தடப் பள்ளங்கள்: மேலே தார் போட்டால் தீருமா?

கேள்வி: தக்கலை ஆசிரியை

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66-இல் ஸ்கூட்டரில் பள்ளிக்குச் சென்று வருபவள் நான். பாறை, ஜல்லி, எம் சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளத்தை நோக்கி இரவும் பகலும் ஓடும் இந்தச் சாலையில், பல இடங்களில் சக்கரங்கள் உருளும் தடம் மட்டும் தனியாக அமிழ்ந்து, இரண்டு நீண்ட பள்ளங்களாகக் கிடக்கிறது. இதைக் குண்டும் குழியும் என்று சொல்ல முடியாது. தார் பெயரவில்லை, ஜல்லி சிதறவில்லை, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாலை நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்ட ஸ்கூட்டர், நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தைக் கடக்க வலப்பக்கம் ஒதுங்கும்போது, கரையில் ஏறாமல் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. மழை பெய்தால் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரிவதில்லை.

சென்ற கோடைக்கு முன்பு ஒரு பகுதியில் புதிதாகத் தார் போட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதே கோட்டில் அதே பள்ளம் மீண்டும் விழுந்துவிட்டது. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் மனு கொடுக்கவிருக்கிறோம். ‘சாலையைச் சீரமைத்துத் தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் மீண்டும் ஒரு மேற்பூச்சுதான் கிடைக்கும் என்று அஞ்சுகிறேன். பள்ளம் ஏன் அதே இடத்தில் விழுகிறது, கோளாறு தாரிலா அடிமண்ணிலா, மனுவில் எதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: தோவாளைக்காரர்

சகோதரிக்கு வணக்கம். சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதைவிட ஒவ்வோர் ஆக்சிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பதுதான் சாலையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே சாலை வளையங்களை அமைத்து, எடை தெரிந்த லாரிகளை அவற்றில் ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்சில் எடை கூடக் கூட, சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அந்த எடையின் நான்காம் அடுக்கில், அதாவது எடை இரட்டித்தால் பதினாறு மடங்காக, கூடுகிறது என்பது அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த விதி. நம் நாட்டிலும் சாலை வடிவமைப்பில் 80 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 8.16 டன் எடையுள்ள ஆக்சிலையே ஓர் அலகாகக் கொள்கிறோம். நான்கு டயர் பூட்டிய ஒற்றை ஆக்சிலுக்குச் சட்டம் அனுமதிக்கும் எடை 2018-ஆம் ஆண்டு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பார்வைக்குச் சிறிய உயர்வுதான். ஆனால் நான்காம் அடுக்கில் கணக்கிட்டால், முன்பு ஏறத்தாழ இரண்டரை அலகாக இருந்த சேதம் இப்போது நான்கு அலகாகிறது. அதே ஆக்சிலில் 14 டன் ஏற்றினால் எட்டரை அலகைத் தாண்டிவிடும். உங்கள் ஸ்கூட்டரை விடுங்கள், ஒரு காரின் ஆக்சில்கூட இந்தக் கணக்கில் ஓர் அலகின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டுவது அரிது. ஆகவே அந்தப் பள்ளம் முழுக்க முழுக்கக் கனரக வண்டிகளால் விழுந்தது என்று தயக்கமின்றி எழுதலாம்.

அடுத்தது வேகம். தார் வெயிலில் இளகும் பொருள்; அத்துடன், அதன் மீது எடை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு அது நகர்ந்து கொடுக்கும். விரைந்து கடக்கும் லாரியைவிட, மேட்டில் கீழ் கியரில் ஊர்ந்து ஏறும் லாரியும், சந்திப்பில் நின்று நகரும் லாரியும் பல மடங்கு சேதம் செய்வது இதனால்தான். மார்ச் முதல் மே வரை நண்பகலில் கருஞ்சாலையின் மேற்பரப்பு வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலை மேடும் இறக்கமுமாகச் செல்வது, ஊருக்கு ஊர் சந்திப்பு இருப்பது, வழியின் அகலம் குறைவு என்பதால் எல்லா லாரிகளும் ஒரே தடத்தில் உருள்வது ஆகிய மூன்றும் சேரும்போது பள்ளம் விழாமல் இருந்தால்தான் வியப்பு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பள்ளத்தின் வடிவமே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். பள்ளம் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்து, அதன் இரு கரைகளிலும் தார் புடைத்து மேடாக எழுந்திருந்தால், கோளாறு மேலுள்ள தார் அடுக்கில்தான். கடற்கரையில் ஈர மணலை மிதித்தால் பாதத்தின் ஓரங்களில் மணல் எழும்புகிறதே, அதைப் போலத் தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவை பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். தார் அளவு மிகுந்திருக்கலாம், ரகம் மென்மையாக இருந்திருக்கலாம், உருண்டை மணல் கூடியிருக்கலாம். மாறாக, பள்ளம் அகலமாக, தட்டையாக அமிழ்ந்து, கரையில் புடைப்பு எதுவும் இல்லாமல், தடத்தின் நெடுகிலும் முதலைத் தோல் போன்ற வெடிப்புகளுடன் இருந்தால், அடியிலுள்ள ஜல்லி அடுக்கோ மண்ணோ இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். நாஞ்சில் நாட்டில் வயலுக்கும் குளத்துக்கும் நடுவே மண் நிரப்பிப் போட்ட சாலைகளில் இந்த இரண்டாம் வகையை அதிகம் காணலாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் வாங்கும் மாவட்டம் இது. ஓரத்து வடிகால் அடைபட்டால் ஆண்டில் பாதி நாள் அடிமண் ஊறியே கிடக்கும். சாலையோரத்தை ஒட்டிய தடம் மற்றத் தடத்தைவிட ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீர் ஓரத்திலிருந்து உள்ளே புகுகிறது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 37-ஆம் எண் வழிகாட்டு நூல், 2018 பதிப்பு, 20 மில்லிமீட்டர் ஆழத் தடப்பள்ளத்தைச் சாலை தோற்றதன் எல்லையாகக் கொள்கிறது. அளப்பதற்கு 3 மீட்டர் நேர்விளிம்புச் சட்டத்தைத் தடத்துக்குக் குறுக்கே வைத்து, இடைவெளியில் அளவுகோலைச் செருகினால் போதும். கொத்தனாரிடம் இருக்கும் நீளமான மட்டப்பலகையும் இதற்கு உதவும். ஆனால் ஓடும் சாலையில் நீங்களாக இறங்கி அளக்க வேண்டாம். மழை விட்டதும் ஓரத்தில் நின்று, நீர் தேங்கியிருக்கும் அகலத்தையும் கரையின் புடைப்பையும் படம் எடுத்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

பதில்: ஆரல்வாய்மொழி லாரிக்காரன்

அண்ணாச்சி எழுதிய கணக்கை நான் மறுக்கவில்லை. சொந்தமாக ஒரு டிப்பர் வைத்து ஓட்டுபவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன், அக்கா.

எங்களுக்கு வாடகை டன் கணக்கில்தான் கிடைக்கிறது. டீசல், டயர், கடன் தவணை எல்லாம் உயர்ந்த பின்னும் வாடகை உயராததால், அனுமதித்த எடையை மட்டும் ஏற்றினால் வண்டி நட்டத்தில் ஓடும் நிலையில் பலர் இருக்கிறோம். கூடுதல் பாரத்தைத் தாங்க டயரில் காற்றையும் கூட்டுகிறோம். அப்போது டயர் சாலையில் படியும் பரப்பு குறைந்து, அழுத்தம் இன்னும் கூர்மையாகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்றும் சொல்கிறது. வழியில் மறித்து அபராதம் போடும்போது, வண்டி அதற்குள் எத்தனையோ கிலோமீட்டர் சாலையை அமுக்கிவிட்டு வந்திருக்கும். இறக்கிய ஜல்லியை வைக்க இடமும் இருக்காது.

ஆகவே உங்கள் மனுவில், சோதனையைக் குவாரி, கிரஷர் வாசலுக்கு மாற்றக் கேளுங்கள். ஒவ்வொரு லோடும் அளவு குறித்த நடைச்சீட்டுடன்தான் வெளியேற வேண்டும். எடைமேடை ரசீதும் இருக்கிறது. இந்த இரண்டையும் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள அனுமதி எடையுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத லோடை வாசலிலேயே குறைக்கச் செய்தால் ஓட்டுநர் தனியாகத் தண்டனை சுமக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே எடை என்று ஆனால் வாடகையும் தானாக அதற்கேற்ப அமையும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்: குலசேகரம் தோட்டக்காரர்

தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி விளைவது நம் மாவட்டத்தில்தான். இயற்கை ரப்பரைத் தாரில் கலந்து சாலை போடும் முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ரப்பர் கலந்த தார் வெயிலில் எளிதில் இளகுவதில்லை என்பதால், மேட்டுப் பகுதிகளிலாவது அதைப் பயன்படுத்தக் கேட்கலாம். கேரள எல்லையைத் தாண்டினால், முக்கோலா முதல் காரோடு வரையான புறவழிச் சாலையை முழுக்கக் கான்கிரீட்டிலேயே அமைத்திருக்கிறார்கள். திருவாங்கூர் ஆட்சிக் காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையான சாலைக்கே சிமெண்ட் கான்கிரீட் போட்டிருந்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கனரக வண்டிகளுக்கு இதுவே வழியென்றால், நமக்கும் ஏன் கான்கிரீட் கேட்கக் கூடாது?

பதில்: தக்கலை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. மழை விட்ட நேரத்தில் பார்த்ததையும் படங்களையும் வைத்து எழுதுகிறேன். மேடு ஏறும் பகுதியிலும் பேருந்து நிறுத்தங்களிலும் பள்ளம் குறுகலாக இருக்கிறது. இரு கரைகளிலும் தார் தெளிவாகப் புடைத்திருக்கிறது. வயலை ஒட்டிய சமதளப் பகுதியில் பள்ளம் அகலமாக இருக்கிறது, புடைப்பு இல்லை, வலைபோல் வெடிப்புகள் இருக்கின்றன, ஓரத் தடத்தில் நீர் அதிகமாகத் தேங்குகிறது. வடிகாலில் செடி முளைத்து மூடிக் கிடக்கிறது. புதிதாகத் தார் போட்டும் அமிழ்ந்த பகுதி இந்த வயலோரம்தான். அப்படியென்றால் ஒரே சாலையில் இரண்டு விதக் கோளாறுகள் இருக்கின்றன என்று கொள்ளலாமா? இரண்டுக்கும் வேறு வேறு பணிகளைக் கேட்க வேண்டுமா?

பதில்: தோவாளைக்காரர்

ஆம், சகோதரி, இரண்டையும் பிரித்தே கேளுங்கள். நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விதத்தில் எழுதினால், மனுவைப் படிக்கும் பொறியாளர் அதை ஒதுக்கிவிட முடியாது.

மேட்டுப் பகுதியிலும் நிறுத்தங்களிலும் புடைத்த தாரின் மேல் புதுத் தார் போடுவது வீண், ஏனென்றால் நகரும் அடுக்கு அடியில் அப்படியே இருக்கும். இயந்திரத்தால் அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெயிலில் எளிதில் இளகாத வி.ஜி. 40 என்ற கெட்டி ரகத் தாரிலோ, பாலிமர் அல்லது ரப்பர் கலந்த தாரிலோ புதிய கலவை போட வேண்டும். குலசேகரம் நண்பரின் யோசனை இந்த இடத்துக்கு முற்றிலும் பொருந்தும். சுரண்டுவதும் போடுவதும் வழியின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். தடத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால், நிரப்பிய கோடு தனியாக இறுகி மீண்டும் அமிழும், இணைப்பின் வழியே நீரும் புகும்.

வயலோரத்தில் எந்த ரகத் தாரும், எந்த ரப்பரும் பயன்படாது. அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, எந்த அடுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிமண்ணை எடுத்து, நான்கு நாள் நீரில் ஊறவைத்த நிலையில், மண்ணின் தாங்குதிறனை அளக்கும் சி.பி.ஆர். சோதனை செய்ய வேண்டும். அதன் பிறகே அடி அடுக்குகளைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதா, தடிமனைக் கூட்டினால் போதுமா என்று முடிவு செய்ய முடியும். வடிகாலைத் தூர்வாருவதை இதற்கெல்லாம் முந்திய பணியாகக் கேளுங்கள். அதற்குச் செலவு குறைவு, பலன் உடனே தெரியும். வடிகால் அடைபட்டிருக்கும்வரை மேலே செய்யும் எதுவும் நிற்காது.

கான்கிரீட் வெயிலில் நகராது என்பது உண்மை. ஆனால் முக்கோலா, காரோடு பகுதி புதிதாக வெட்டிய புறவழிச் சாலை. அங்கே போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டிய தேவை எழவில்லை. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கான்கிரீட் இறுகும்வரை லாரிகளையும் பேருந்துகளையும் எந்தத் தெருவில் திருப்பிவிடுவது? எனவே வழி முழுவதற்கும் கேட்காமல், வண்டிகள் நின்று நகரும் பேருந்து நிறுத்தங்களுக்கும் சந்திப்புகளுக்கும் மட்டும் கான்கிரீட் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது என்று கருதுகிறேன்.

லாரி நண்பர் சொன்ன நடைச்சீட்டு யோசனையைத் தனி மனுவாகக் கனிமவளத் துறைக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் கொடுங்கள். சாலை மனுவோடு சேர்த்தால் இரண்டு அலுவலகங்களும் அது மற்றவருடைய பொறுப்பு என்று சொல்ல இடமாகிவிடும். சாலைப் பகுதியைத் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-லும் பதிவு செய்து, புகார் எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். தார் வேலை மழை குறைந்த ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடிய வேண்டும். வெட்டிப் பார்க்கும் சோதனையும் ஆய்வக அறிக்கையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதால், இந்த வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் மனு அவர்கள் மேசையில் இருப்பது நல்லது.