பேத்திக்கு ஸ்மாக்கிங் கவுன், கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம், கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்குத் தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆடிப்பெருக்கன்று பேத்தியைக் காவிரிக்கரைக்குத் தூக்கிப்போகும்போது என் கையால் தைத்த ஸ்மாக்கிங் கவுன் (மார்புப் பக்கத் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருக்கி, அதன்மேல் பூத்தையல் போடுவது) போட்டிருக்க வேண்டும் என்று ஆசை. பள்ளியில் தையல் வகுப்பில் கற்றது, 40 வருடம் ஆகிவிட்டது, கைக்கு ஞாபகம் இருக்கிறது, தலைக்குத்தான் இல்லை.

மல்மல் துணியை நனைத்துக் காயவைத்து, மார்பு அகலத்துக்கு 3 மடங்கு எடுத்து, கால் அங்குல இடைவெளியில் பென்சிலால் புள்ளி வைத்தேன் (தினமும் வாசலில் புள்ளிக்கோலம் போடுகிற கைதான், ஆனாலும் முதல் தடவை வரிசை தப்பிவிட்டது). புள்ளிகளில் நூலோட்டிச் சுருக்கியது வரை சரி. தேன்கூடு தையல் போட்டு, சுருக்க நூலை உருவியதும் பார்த்தால் நடுவில் ஒரே இறுக்கம், ஓரங்களில் தொளதொள. எம்பிராய்டரி நூலில் 3 இழை எடுத்தது தடிமனா, இல்லை நான்தான் இழுத்து இழுத்துத் தைத்துவிட்டேனா?

அப்புறம், உள்பக்க முடிச்சுகள் குழந்தையின் நெஞ்சில் உறுத்தாமல் லைனிங் எப்படிக் கொடுப்பது? சேர்த்துத் தைத்துவிட்டால் ஸ்மாக்கிங் விரிந்து கொடுக்காதே. தெருமுனைத் தையல்காரரிடம் கேட்டால், "எலாஸ்டிக் வச்சிடலாம்மா" என்கிறார், அதற்கு நான் ஏன் ராத்திரியெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்!

மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் இதைக் கையால் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாதிரித் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.