மிருதங்கக் கோப்பு மட்டும் மெதுவாக ஓடுகிறது, அவசர உதவி

பாட்டுவீடு:
வணக்கம். தங்கை பாடியதை வீட்டிலேயே பதிந்துவிட்டேன். திருச்சியில் இருக்கும் நண்பர் அந்தப் பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மிருதங்கம் வாசித்து, கோப்பை அனுப்பிவைத்தார். அதைப் பதிவு மென்பொருளில் இறக்கினால் மெதுவாக ஓடுகிறது. குரல் சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் அடிக்கு, வந்து நிற்கிறது, மிருதங்கம் இன்னும் தீர்மானத்தை, அதாவது முடிவுக் கோர்வையை, முடிக்கவில்லை. நண்பர் மேல் தவறு இல்லை, அவர் தாளம் பிசகாதவர். வெள்ளிக்கிழமை பாட்டைக் கொடுத்தாக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மைக்மணி:
எந்த மென்பொருள்? விண்டோஸா, மேக்கா? கோப்பு வேவா, எம்பி3யா? கணினியில் ராம் எவ்வளவு? குறைவாக இருந்தால் இப்படி இழுக்கும். பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் இடைநினைவகத்தை) 1024க்கு ஏற்றிப் பாருங்கள்.

சுருதிப்பெட்டி:
மெதுவாக ஓடுகிறது, சரி. சுருதியும் இறங்கியிருக்கிறதா? அதைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். வேகம் மட்டும் குறைந்து சுருதி அப்படியே இருந்தால், மென்பொருள் உங்கள் டெம்போவுக்குக் கோப்பை நீட்டியிருக்கிறது. ஏபிள்டன் லைவ் என்றால் அந்த கிளிப்பில் வார்ப் பொத்தானை அணைத்தால் போதும். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் அது சாம்பிள் ரேட் சங்கதி, அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை மாதிரிகளாகப் பதிகிறோம் என்ற வீதம்.

பாட்டுவீடு:
கோப்பு வேவ். சுருதியும் இறங்கித்தான் இருக்கிறது. தங்கை பாடும் சுருதி 5½ கட்டை. மிருதங்கம் 5 கட்டையிலும் இல்லை, 4½ கட்டையிலும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது.

தோல்வாத்தியம்:
இது மழைக்காலம். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வாசிப்பவருக்கே சில நேரம் தெரியாது. நண்பரிடம் மறுபடி வார் பிடித்து, சுருதி சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். நான் முப்பது வருஷமாக வாசிக்கிறேன், இது அனுபவத்தில் சொல்வது.

சுருதிப்பெட்டி:
ஐயா, தோல் தளர்ந்தால் சுருதி இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். தாளம் எப்படி இறங்கும்? அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டேதானே வாசித்திருக்கிறார்.

பதிவறைப்பழசு:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. மென்பொருள் பெயர் இல்லை, செஷன் (மென்பொருளில் பாட்டுக்காகத் திறந்த வேலை) எந்த சாம்பிள் வீதம் என்று இல்லை, கோப்பின் வீதம் இல்லை. மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? மைக்மணி, பஃபர் போதாவிட்டால் ஒலி வெட்டி வெட்டி வரும், கட்டை இறங்காது. தெரியாததைச் சொல்லிப் புதியவர்களைக் குழப்பாதீர்கள். எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரியில், புதிதாகத் தொடங்குங்கள். இந்தக் காலத்தில் 44.1இல் யார் பதிகிறார்கள்?

லினக்ஸ்செல்வி:
பாட்டுவீடு, இரண்டே எண்கள் வேண்டும். அந்தக் கோப்பைக் கைபேசியில் திறந்தால் எத்தனை நிமிடம்? மென்பொருளில் இறக்கிய பிறகு எத்தனை நிமிடம்? நொடிக்கணக்கோடு சொல்லுங்கள்.

மைக்மணி:
44.1 செத்துப்போகவில்லை, பதிவறைப்பழசு. சிடி இன்றும் அதில்தான் இருக்கிறது. ஆரம்பகால டிஜிட்டல் பதிவை வீடியோ டேப்பில் ஏற்றினார்கள். ஒரு கோட்டுக்கு 3 மாதிரி, 245 கோடு, நொடிக்கு 60 ஃபீல்டு (வீடியோவின் அரைப்படம்). பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். 50 ஃபீல்டு ஓடும் நாடுகளில் 294 கோடு, அங்கேயும் அதே 44,100. அவ்வளவு யோசித்து வைத்த எண் அது.

பதிவறைப்பழசு:
வரலாறு எனக்கும் தெரியும். இன்று பாட்டு கடைசியில் வீடியோவோடுதான் போகிறது, வீடியோ 48. ஆரம்பத்திலேயே 48இல் பதிந்தால் இந்த இழையே வந்திருக்காது.

தோல்வாத்தியம்:
96இல் பதிந்தால் சாப்பு, அந்த வலந்தலை அடி, இன்னும் கணீரென்று வரும். நான் கேட்டிருக்கிறேன்.

சுருதிப்பெட்டி:
44.1இலேயே அதில் பாதி, 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு வரை பிடித்துவிடும். மனிதக் காது 20ஐத் தாண்டாது, நம் வயதில் அதுவும் கிடையாது. சாப்பு கணீரென்று வருவது மைக் வைக்கும் இடத்தைப் பொறுத்தது.

தோல்வாத்தியம்:
காதை நம்புவதா, கணக்கை நம்புவதா?

லினக்ஸ்செல்வி:
இதற்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்களேன். இங்கே ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் பாட்டைக் கொடுக்க வேண்டும்.

பாட்டுவீடு:
மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். காலையில் நானே ஸ்ட்ரெச் கருவியால் மிருதங்கத்தைச் சுருக்கிப் பார்த்தேன். தாளம் சேர்ந்துவிட்டது, சுருதி சேரவில்லை. சாப்பு விழும் இடமெல்லாம் ஜவ்வு மாதிரி இழுபடுகிறது. கைபேசியில் 4:10. இங்கே 4:32. மென்பொருள் ஆர்டோர், உபுண்டுவில். செஷன் 44.1.

லினக்ஸ்செல்வி:
கிடைத்துவிட்டது. 4:32 என்றால் 272 நொடி, 4:10 என்றால் 250. வகுத்தால் 1.088. 48ஐ 44.1ஆல் வகுத்தாலும் அதேதான். நண்பர் 48இல் பதிந்திருக்கிறார். 250 நொடிக்கு அந்தக் கோப்பில் 1 கோடியே 20 லட்சம் மாதிரிகள் இருக்கும். உங்கள் செஷன் நொடிக்கு 48,000 எடுக்காமல் 44,100 வீதம் எடுத்துப் படிக்கிறது, எல்லாவற்றையும் படித்து முடிக்க 272 நொடி ஆகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரத்தானம் இறங்கும். 5½க்கு 5 கட்டை ஒரு ஸ்வரத்தானம் கீழே, 4½ இரண்டு. அதனால்தான் 5க்கும் 4½க்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. இறக்கும் பெட்டியில் "காப்பி ஃபைல்ஸ் டு செஷன்" என்ற இடத்தில் டிக் இருந்ததா?

பாட்டுவீடு:
இல்லை. வட்டில் இடம் குறைவு, டிக்கை எடுத்துவிட்டுப் பென்டிரைவிலிருந்தே இறக்கினேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

லினக்ஸ்செல்வி:
அதுதான் காரணம். டிக் இருந்தால் ஆர்டோர் கோப்பை நகலெடுக்கும்போதே செஷன் வீதத்துக்கு மாற்றிக்கொள்ளும். டிக் இல்லாவிட்டால் இருக்கும் கோப்பை இருந்த இடத்திலிருந்து அப்படியே படிக்கும், வீதத்தை மாற்றாது. நீங்கள் சுருக்கியதையும் பழைய டிராக்கையும் எடுத்துவிடுங்கள். அசல் கோப்பை டிக்கோடு மறுபடி இறக்குங்கள். மாற்றத்தின் தரம் கேட்கும் இடத்தில் "பெஸ்ட்" வையுங்கள், சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். நீளம் 4:10 என்று காட்டினால்தான் கேட்டுப் பார்க்கவே வேண்டும். டிக் இல்லாமல் இறக்கினால் பென்டிரைவைக் கழற்றிய அன்று மிருதங்கம் காணாமலும் போகும்.

பதிவறைப்பழசு:
முதல் பதிவிலேயே வீதத்தைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சம். செஷன் வீதம் தொடங்கும்போதே முடிவாவது, அதனால்தான் 48 என்றேன். இருந்தாலும் இவருக்குத் தங்கையின் குரல் 44.1இல் இருக்கிறது. செல்வி சொன்னபடி மிருதங்கத்தை மாற்றுவதே சரி, செஷனைத் தொட வேண்டாம்.

ராகமாலை7:
எனக்கும் இதே தொல்லை, ஆனால் தலைகீழ். கோப்பு வேகமாக ஓடுகிறது, குரல் கீச்சென்று கேட்கிறது. 4 நிமிடப் பாட்டு 3:40இல் முடிந்துவிடுகிறது.

சுருதிப்பெட்டி:
240ஐ 220ஆல் வகுத்தால் 1.09, நொடியின் பின்னங்களைச் சேர்த்தால் அதே 1.088. உங்களுடையது 44.1 கோப்பு, 48 செஷன். ஒரு கோப்பு மட்டுமா, செஷன் முழுக்கவே அப்படியா? முழுக்க என்றால் கோப்பை விட்டுவிட்டு ஒலி அட்டை எந்த வீதத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். வேறொரு நிரல் அதைத் தன் வீதத்துக்கு மாற்றி வைத்திருக்கலாம். யாருக்காவது நீளம் சரியாக இரண்டு மடங்கானால், 96இல் பதிந்ததை 48இல் படிக்கிறதா என்று பாருங்கள்.

ராகமாலை7:
செஷன் முழுக்க. பார்த்துவிட்டு வருகிறேன்.

தோல்வாத்தியம்:
பாட்டுவீடு, நண்பர் வார் பிடித்துவிட்டாரா?

பாட்டுவீடு:
தேவைப்படவில்லை ஐயா, சுருதி முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. டிக் போட்டு இறக்கினேன், 4:10 காட்டுகிறது. தீர்மானமும் தங்கையும் ஒரே இடத்தில் சமத்துக்கு வந்தார்கள், இரண்டு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். செல்வி அக்காவுக்கு நன்றி. மிக்ஸ் பண்ண உட்காருகிறேன்.